போப்பையர் கல்லறையில் அந்த வாக்கியம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி.யு.போப்பைப் பற்றி வந்த கட்டுரையை ஆக்ஸ்போர்டில் என் மகன் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். அவரை இளைய தலைமுறைக்கு நினைவூட்டியதற்கு முதலில் என் நன்றி. கட்டுரையின் முடிவில், ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று அவருடைய கல்லறையில் பொறித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் தங்கியிருக்கும் வீட்டிலிருந்து அந்தக் கல்லறைக்குப் பேருந்தும் நடையுமாக முக்கால் மணி நேரம் ஆகும். இதுவரை நான்கு முறை போய்வந்துவிட்டேன். அந்த வாக்கியம் அங்கே இல்லை.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் 31 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள் நான். போப்பையர் பாடம் வரும்போதெல்லாம் இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளைச் சேர்ந்து படிக்கச் சொல்வேன். எனக்கு என் ஆசிரியர் சொன்னார். அவருக்கு அவருடைய ஆசிரியர் சொல்லியிருப்பார். எங்கள் ஊர்ப்பக்கத்தில் போப்பையர் என்றால் பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கிற ஆள் இல்லை. 1840களில் சாயர்புரத்தில் தங்கிப் பள்ளி நடத்தியவர் அவர். அவர் பெயரில் இன்றும் அங்கே கல்லூரி இருக்கிறது. அதனால் மகன் வேலைக்காக இங்கே வந்து குடியேறியபோது, ‘உன் ஊரில் நான் பார்க்க வேண்டியது ஒரே ஒரு இடம்தான்’ என்று அவனிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன்.

முதல் முறை அந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை. நான் லண்டன் வந்து இறங்கிய வாரம் மகனுக்கு விடுப்பு இல்லை. ஊரிலிருந்து வந்த உறவினர்களோடு என்னையும் ஒரு சுற்றுலாப் பேருந்தில் ஏற்றிவிட்டான். ஒரே நாளில் மூன்று ஊர். அதில் ஆக்ஸ்போர்டுக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு கல்லூரி வாசலில் நிறுத்தி, இந்தச் சாப்பாட்டுக் கூடத்தைப் போலத்தான் ஹாரி பாட்டர் படத்தில் செட் போட்டார்கள் என்றார் வழிகாட்டி. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அவரிடம் போப்பைக் கேட்டேன். ரோமாபுரிப் போப்பாண்டவரைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குக் கொடுத்த நேரம் அவ்வளவுதான். ஆனால் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்த மாதிரிதான் ஆக்ஸ்போர்டைப் பார்த்துவிட்டுப் போகின்றன. போப்பையர் உறங்கும் இடம் பேருந்து நின்ற இடத்திலிருந்து அரை மணி நடைதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. தங்கள் வாசகர்களுக்கு அந்த வழியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிராட் தெருவில் பேலியல் கல்லூரி வாசலிலிருந்து தொடங்குங்கள். போப்பையர் 1882இல் இந்தியாவை விட்டு வந்தார். 1884இல் இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கும் தெலுங்குக்கும் விரிவுரையாளரானார். அப்புறம் பேலியல் கல்லூரிச் சிற்றாலயத்தின் குருவாகவும் இருந்தார். இந்தியாவுக்கு அதிகாரிகளாகப் போகவிருந்த ஐ.சி.எஸ். இளைஞர்களுக்கு இந்த ஊரில்தான் அவர் அ, ஆ சொல்லிக்கொடுத்தார்.

கட்டணம் கட்டினால் கல்லூரிக்குள் போகலாம். உள்ளே புல்வெளியைச் சுற்றிக் கட்டடங்கள் நிற்கிற முற்றம் இருக்கிறது. அங்கே ஒரு பெஞ்சில் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காரணம், திருவாசக மொழிபெயர்ப்புக்குப் போப்பையர் எழுதிய முன்னுரையில் இந்தக் கல்லூரி முற்றம் வருகிறது. ஓர் இரவு அவரும் அப்போதைய கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டும் இங்கே நடந்துகொண்டே பேசுகிறார்கள். பேச்சு தமிழ்க் கதைகள், பாட்டு, தத்துவம் என்று போகிறது. ‘இதை நீங்கள் அச்சிட்டே ஆக வேண்டும்’ என்கிறார் ஜோவெட். அது நெடுங்கால வேலை, எனக்குச் சாவே கிடையாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே என்கிற பொருளில் போப்பையர் பதில் சொல்கிறார். ஜோவெட் திரும்பி நின்று அவர் தோளில் கை வைக்கிறார். அவருடைய வெள்ளைத் தலைமுடியிலும் அன்பான முகத்திலும் நிலா வெளிச்சம் விழுகிறது. பெரிய வேலை ஒன்று கையில் இருப்பதுதான் நெடுநாள் வாழ வழி, முடிக்கிறவரைக்கும் நீங்கள் இருப்பீர்கள் என்கிறார். இந்த முன்னுரையை இளவயதிலேயே படித்திருக்கிறேன். அது நடந்த கல்லூரியில் காலாற நடந்த பிறகு, அந்த இரண்டு கிழவர்களும் எனக்கு ஊர்க்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

ஜோவெட் 1893இல் காலமானார். புத்தகம் 1900இல்தான் வந்தது. ஏப்ரல் 24, போப்பையரின் எண்பதாவது பிறந்தநாள். அந்தத் தேதியைத்தான் முன்னுரைக்குப் போட்டிருக்கிறார். தமிழில் தன் முதல் பாடத்தை 1837இல் படித்ததாகவும் அதில் குறித்திருக்கிறார். அறுபத்து மூன்று ஆண்டுகள்! ஜோவெட்டின் வாக்கு பலித்தது, அதைப் பார்க்க ஜோவெட் இல்லை.

பேலியலை விட்டு வெளியே வந்தால், தெருவின் நடுவில் கற்களைப் பதித்து ஒரு சிலுவை வைத்திருப்பார்கள். மதச் சண்டையில் 1555, 1556ஆம் ஆண்டுகளில் மூன்று ஆயர்களை எரித்த இடம் அது. பேருந்தில் போகிறவர் கண்ணில் அது படாது. பக்கத்துத் தெருவில் மரங்களின் கீழே அவர்களுக்கு உயரமான நினைவுச்சின்னம் இருக்கிறது. அதைத் தாண்டி போமான்ட் தெருவுக்குத் திரும்பினால் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் இல்லை. கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலைச் சேர்ந்த திருமங்கையாழ்வாரின் வெண்கலச் சிலையை இந்த அருங்காட்சியகம்தான் 1967இல் லண்டனில் ஏலத்தில் வாங்கி வைத்திருந்தது. 1957இல் கோயிலில் எடுத்த புகைப்படம் ஒன்று புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்ததால், அது எங்கிருந்து வந்தது என்பது வெளிப்பட்டது. 2024இல் சிலையை இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுக்கப் பல்கலைக்கழகம் இசைந்தது. தமிழ் மனிதர்கள், தமிழ்ப் புத்தகங்கள், தமிழ்த் தெய்வங்கள் எல்லாம் வந்து தங்கிய ஊர் இது. தங்கியவிதம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

எனக்கு வயது 67. இடது முழங்கால் வலிக்கும். ஊரில் பேருந்து நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்குக்கூட ஆட்டோ பிடிக்கிறவள் நான். இங்கே எப்படி இவ்வளவு நடக்கிறேன் என்று மகனுக்கே ஆச்சரியம். சொல்லப்போனால், நடக்க முடியாத இடத்தில்தான் கால் வலிக்கிறது. நடைபாதை உடைந்து, அதில் பைக் நின்று, மின்கம்பத்தைச் சுற்றி ரோட்டில் இறங்கி, பின்னால் வருகிற ஹாரனுக்குப் பயந்து ஏறி இறங்கினால் எந்த முழங்கால் தாங்கும்? இங்கே நகர நடுவில் கார்ன்மார்க்கெட் தெருவில் பகலில் வண்டியே கிடையாது. வெளியூரிலிருந்து காரில் வருகிறவர்கள் ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டுப் பேருந்தில் வருகிற ஏற்பாட்டை 1973இலேயே நிரந்தரமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். நகரத்தின் நாற்சந்தியான கார்ஃபாக்ஸிலிருந்து 1,200 மீட்டர் தூரத்துக்குள் கட்டடம் 18.2 மீட்டருக்குமேல் எழும்பக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள். பழைய கோபுரங்கள் மறையக் கூடாது என்பதற்காகச் செய்தது. எனக்கு அது வேறு விதமாகவும் உதவுகிறது. எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஏதாவது ஒரு கோபுரம் தெரியும், வழி தவறாது. கூகுள் வரைபடத்தைப் பார்க்கத் தெரியாத எனக்கு அது போதும்.

போமான்ட் தெரு முடிகிற இடத்தில் வூஸ்டர் கல்லூரி. அங்கே வலது பக்கம் திரும்பினால் வால்டன் தெரு. நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தத் தெருவைத்தான்.

ஐந்து நிமிடம் நடந்தால் இடது பக்கம் கோட்டை வாசல் மாதிரி பெரிய தூண்களோடு ஒரு கட்டடம் வரும். முதலில் அதையும் ஒரு கல்லூரி என்றுதான் நினைத்தேன். அது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம். 1830இல் நகர நடுவிலிருந்து இங்கே மாறிவந்தது. போப்பையரின் நாலடியார் 1893இலும், திருவாசகம் 1900இலும் இந்த அச்சகத்திலிருந்து வந்தவை. ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் இல்லை, தமிழ் மூலமும் சேர்த்து அச்சிட்ட புத்தகங்கள்.

இந்த இடத்தில் நான் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தூத்துக்குடியில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தார். சாய்வு மேசைமேல் கேஸ் என்கிற மரத்தட்டு இருக்கும், அதில் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து. இடது கையில் எழுத்தை அடுக்குகிற ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தலைகீழாக அடுக்குவார். ஆங்கிலத்துக்குக் கட்டங்கள் குறைவு. தமிழுக்குக் கி, கீ, கு, கூ என்று தனித்தனி அச்சு வேண்டும். எந்தக் கட்டத்தில் எது என்பது கைக்குத்தான் தெரியும், கண்ணால் தேடினால் வேலை ஓடாது என்பார். அச்சானதும் அத்தனை எழுத்தையும் பிரித்துத் திரும்ப அந்தந்தக் கட்டத்தில் போட வேண்டும். ராத்திரி சாப்பிட உட்காரும்போது விரல் நுனியில் ஈயக் கறுப்பு போகாமல் இருக்கும். தமிழே தாய்மொழியான மனிதருக்கு அவ்வளவு பாடு. தமிழ் எழுத்தில் கண் பழகாத தொழிலாளி ஒருவர் இந்த வால்டன் தெருவில் நின்று, ‘நமச்சிவாய வாழ்க’ என்று ஒவ்வோர் எழுத்தாகக் கோத்ததை நினைத்துப் பார்த்தேன். கொம்பு எந்தப் பக்கம், புள்ளி எங்கே என்று எத்தனை தடவை புரூஃப் திருத்தியிருப்பார்கள்! எண்பதை நெருங்கும் போப்பையர் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு அந்தப் புரூஃபைப் பார்த்திருப்பார். அந்த வாசலில் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அச்சுக்கூடம் 1989இல் மூடப்பட்டுவிட்டது. பதிப்பகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தெருவோடு இன்னும் கொஞ்சம் மேலே போங்கள். இடது பக்கம் வீடுகளுக்கு நடுவே ஒரு சின்னப் பாதை, அதன் கோடியில் கல்லால் கட்டிய பழைய வாயில் வீடு. கவனிக்காமல் கடந்து போய்விடுவீர்கள், நானே முதல் தடவை கடந்து போய்த்தான் திரும்பி வந்தேன். அதுதான் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். தேவாலய வளவுகளில் புதைக்க இடம் இல்லாமல் போனதால் 1848இல் திறந்தது. இப்போது யாரையும் அடக்கம் செய்வதில்லை. மரங்கள் அடர்ந்து, புல் முழங்காலுக்கு வளர்ந்து, சில கல்லறைகள் சாய்ந்தும் சில கொடி மூடியும் இருக்கின்றன. ஆர்வலர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து பராமரிக்கிறார்கள். அடக்கமானவர்களில் பலருடைய வரலாற்றையும் தேடித் தொகுத்திருக்கிறார்கள். வெளியே தெருவில் பேருந்து போகிற சத்தம் உள்ளே கேட்காது.

போப்பையரின் கல்லைக் கண்டதும் நான் முதலில் தேடியது அந்த வாக்கியத்தைத்தான். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். பாசியோ என்று கைக்குட்டையால் லேசாகத் துடைத்தும் பார்த்தேன். இல்லை. தமிழ் எழுத்தே இல்லை. 31 ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொன்னது தவறு என்று அங்கே நின்று உணர்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை. அப்புறம்தான் இருப்பதைப் படிக்கலாம் என்று குனிந்தேன்.

ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஜார்ஜ் யூக்ளோ போப், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர். இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரியின் ஆலயக் குருவாகவும் இருந்தவர். பிறப்பு 1820, இறப்பு 1908. கீழைத்தேச இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாள் முழுதும் ஆற்றிய உழைப்பை அன்போடு போற்றி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் இந்தக் கல்லை நாட்டினார்கள்.

ஐயா, இதை இரண்டு முறை வாசித்துப் பாருங்கள். அவர் பிறந்தது கனடாவில், பிரின்ஸ் எட்வர்ட் தீவில். வளர்ந்தது இங்கிலாந்தில். இறந்தது ஆக்ஸ்போர்டில். ஆனால் அவருடைய கல்லில் பெயருக்கு அடுத்து எழுதியிருக்கும் ஊர் தென்னிந்தியா! அடுத்து, அந்தத் தமிழ் நண்பர்கள். அவர் இந்தியாவை விட்டுப் போய் இருபத்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. கடிதம் போனால் வாரக்கணக்கில் ஆகும் காலம். அப்படியும் நம் ஊரிலிருந்த தமிழர்கள் அவரை மறக்காமல், கடல் கடந்து ஒரு கல் நாட்டுவதில் பங்கெடுத்திருக்கிறார்கள். நாம் வகுப்பில் சொல்லும் வாக்கியத்தில் போப்பையர் நம்மைப் பற்றி நினைத்தது மட்டும் இருக்கிறது. கல்லில் நம் முன்னோர் அவரைப் பற்றி நினைத்ததும் இருக்கிறது. இது என் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம்.

அதே தோட்டத்தில்தான் ஜோவெட்டும் இருக்கிறார். நிலா வெளிச்சத்தில் தோளில் கை வைத்துப் பேசியவரும், அந்தப் பேச்சால் திருவாசகத்தை முடித்தவரும் ஒரே மண்ணில். அச்சகத்தை நடத்திய தாமஸ் கோம் என்பவரும் இங்கேதான். அச்சகத் தொழிலாளர்கள் குடியிருந்த பகுதிக்கு ஒரு தேவாலயம் வேண்டும் என்று தன் பணத்தைக் கொடுத்தவர் அவர். செயின்ட் பர்னபாஸ் என்ற அந்த ஆலயம் 1869இல் எழுந்தது. இத்தாலிய பாணியில் அதன் மணிக்கூண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, கால்வாய்ப் பக்கம் இருக்கிறது. அங்கே போகிற வழியில்தான் ஜெரிக்கோ.

ஜெரிக்கோ என்பது வால்டன் தெருவுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருக்கும் குடியிருப்பு. விவிலியத்தில் வருகிற எரிகோவின் பெயர்தான். செங்கல்லில் கட்டிய இரண்டு மாடிச் சின்ன வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். திண்ணை இல்லாத குறையைத் தவிர நம் ஊர்த் தெரு வீடுகள் மாதிரியே இருக்கும், கதவைத் திறந்தால் நேரே நடைபாதை. தெருக்கள் பலவும் கால்வாயில் முட்டி நின்றுவிடுவதால் குறுக்கே புகுந்து போகிற வண்டி கிடையாது. மூலைக்கு ஒரு கடை, வாசலில் சைக்கிள், ஜன்னல் விளிம்பில் பூந்தொட்டி. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பேசிக்கொள்வதை இந்த நாட்டில் நான் அதிகம் பார்த்தது இங்கேதான்.

இந்த அழகைப் பார்த்து, இது தானாக வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அச்சகத் தொழிலாளர்களும், இரும்பு வார்ப்புப் பட்டறைக்காரர்களும், 1790இல் வந்த கால்வாயில் நிலக்கரி கொண்டுவந்த படகுக்காரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் இது. தாழ்வான நிலம், மோசமான சாக்கடை. ஆக்ஸ்போர்டில் 1832இலும் 1849இலும் 1854இலும் காலரா வந்தபோது இந்தப் பகுதியும் தப்பவில்லை. 1960களில் வீடுகள் பாழடைந்துவிட்டன, எல்லாவற்றையும் இடித்துவிடலாம் என்று நகராட்சியே யோசித்தது. ஆலிவ் கிப்ஸ் என்கிற கவுன்சிலர் அதை எதிர்த்து நின்றார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத, இந்த ஊர் எளிய குடும்பத்துப் பெண் அவர். கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் புல்வெளி வழியாக நெடுஞ்சாலை போடும் திட்டத்தை எதிர்த்ததிலும் அவர் முன்னணியில் இருந்தார். இடிப்பதற்குப் பதில் வீடுகளைப் பழுதுபார்த்து, குளியலறையும் கழிப்பறையும் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்ற பக்கம் வென்றது. அந்த ஒரு முடிவு மாறியிருந்தால் இன்று நான் நடந்த தெருக்கள் இருந்திருக்காது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காப்பாற்றிய வீடுகள் இன்று அந்தத் தொழிலாளர் வாரிசுகளுக்கு எட்டாத விலையில் நிற்கின்றன. டாக்டராக இருக்கும் என் மகனுக்கே ஜெரிக்கோவில் வாடகைக்குக்கூட வீடு கட்டுப்படியாகவில்லை. நாங்கள் இருப்பது ஊரின் கிழக்குக் கோடியில். நடந்து போகிற வசதியுள்ள பழைய தெரு, வசதியுள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அச்சுக் கோத்தவர் பேரன் அங்கே குடியிருக்க முடிந்தால்தான் அந்தத் தெருவைக் காப்பாற்றியதாக ஆகும்.

கால்வாய்க்கரைக்கு வந்தால் மண்பாதை. நீளமான ஒடுங்கிய படகுகள் வரிசையாகக் கட்டியிருக்கும். சிலர் அதிலேயே குடும்பம் நடத்துகிறார்கள். படகுக் கூரையில் விறகு, கரிமூட்டை, மிதிவண்டி, புதினாத் தொட்டி. தெற்கே பார்த்து நடந்தால் இருபது நிமிடத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கம் வந்துவிடலாம். வடக்கே போனால் போர்ட் மெடோ என்கிற மேய்ச்சல் வெளி, குதிரையும் மாடும் வாத்தும் ஒன்றாக மேயும். ஊர்ப் பொதுநிலமாக அது 1086ஆம் ஆண்டுக் கணக்கேட்டிலேயே பதிவாகியிருக்கிறது. இத்தனை நூற்றாண்டும் அதில் ஒருவரும் ஏர் பூட்டவில்லை. எங்கள் ஊர்ப் புறம்போக்குகள் என் காலத்திலேயே பட்டாவாக மாறிப்போனதைப் பார்த்தவள் நான். அந்த வெளியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

வால்டன் தெருவின் மறுபக்கத்தில் இன்னொரு இடமும் உண்டு. 1770இல் திறந்து 2007இல் மூடிய ராட்கிளிஃப் மருத்துவமனை. மூன்றாவது முறை மகனும் கூட வந்தபோது அவன்தான் காட்டினான். 1941 பிப்ரவரி 12 அன்று பெனிசிலினை நோய்க்கு மருந்தாக முதன்முதலில் ஊசி போட்டது இங்கேதான், ஒரு போலீஸ்காரருக்கு. மறுநாளே அவர் தேற ஆரம்பித்தார். மருந்து போதவில்லை, அவருடைய சிறுநீரிலிருந்தே திரும்பப் பிரித்தெடுத்துப் போட்டார்கள். அதுவும் தீர்ந்தது. ஒரு மாதத்தில் இறந்துவிட்டார். இதைச் சொல்லும்போது மகன் குரல் தழுதழுத்தது. அவனுடைய புனிதத் தலம் அது, என்னுடையது தெருவுக்கு இந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிட நடை.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள். இங்கிலாந்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் ஆக்ஸ்போர்டுக்கு ஒரு முழுப் பகலைக் கொடுங்கள். லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நல்ல செருப்பும் குடையும் போதும், காரோ வழிகாட்டியோ வேண்டாம். கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. பூ வைப்பதானால் பிளாஸ்டிக் சுற்றாமல் வையுங்கள். நான் போனபோது காய்ந்த மாலையின் நூலும் பாலித்தீனும் கிடந்தன. நம்மவர் அன்போடு வைத்துவிட்டு வந்தவைதான். பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

தாங்கள் அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்த வாக்கியம் கல்லில் இல்லை என்று மட்டும் போட்டால் படிக்கிறவர்கள் மனம் வாடிவிடும். கல்லில் உள்ளதையும் தமிழில் சேர்த்துப் போடுங்கள். பணியிலுள்ள தமிழாசிரியர்கள் அதை வெட்டி வைத்துக்கொள்வார்கள். என்னிடம் படித்தவர்களில் நாற்பது பேராவது இன்று ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் நாளிதழை வாங்குகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் நான் தனியாக எழுத முடியாது.

வருகிற ஏப்ரல் 24 அன்று நான் ஊரில் இருப்பேன். சாயர்புரத்தில் ஏதாவது ஒரு பள்ளி இடம் கொடுத்தால், பேலியல் வாசலிலிருந்து அந்தக் கல்வரை நான் எடுத்த படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, கரும்பலகையில் இந்த முறை சரியானதை எழுதிப் போட ஆசை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
சாயர்புரம் (தற்போது ஆக்ஸ்போர்டு)